வால் இன்னும் நிமிரவில்லை

தோட்டப் பள்ளி
30 ஜூன் 2025

அத்தான்,

இந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வராதீங்க. உங்க அறிவியல் வகுப்பை நிறுத்தி வெச்சிருக்கேன்.

காலையில சபைகூடல் முடியறதுக்குள்ள குணாளன் வந்துட்டாரு. தோட்டத்துல தேயிலைக் கொழுந்து லோரி ஓட்டுறாரே, யுவனேஸ்வரியோட அப்பா, அவருதான். கூட இன்னும் ரெண்டு லோரிக்காரங்க. ஆபீஸ்ல உட்காரச் சொன்னா உட்காரல. "மனுஷன் மீன்லேர்ந்து வந்தான்னு சொல்லிக் குடுக்கத்தான் நாங்க புள்ளைங்கள இங்க அனுப்புறோமா டீச்சர்? எந்தப் புத்தகத்துல இருக்கு, காட்டுங்க"ன்னாரு. நான் எதைக் காட்டுவேன்? தொடக்கப்பள்ளிப் பாடத்துல அது இல்ல. நீங்க படிவம் ஆறு, பல்கலைக்கழகம் போகப்போற பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவரு. இதுங்க நாலாம் ஆண்டு லா!

அவருக்கு மூணு பிள்ளைங்க. மூணையும் தானா ராத்தா டவுன் பள்ளிக்கு மாத்திடுவேன், மத்த லோரிக்காரங்களும் மாத்துவாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்படிப் போனா அடுத்த வருஷம் ரெண்டு வகுப்பை ஒண்ணாச் சேர்க்கணும். அதுக்கப்புறம் இந்தப் பள்ளிக்கூடம் எத்தனை நாளைக்கு நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு தாள் டைப் பண்ணி இதோட வெச்சிருக்கேன். ரெண்டே வரி. "நான் சொன்னது தவறு. அறிவியல் அப்படிச் சொல்லவில்லை." கீழ கையெழுத்து மட்டும் போடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.

போன் பண்ண வேணாம். போன மாசம் நான் ஒருத்தருக்கு அனுப்பின குரல் செய்தி எல்லாப் பெற்றோர் போனுக்கும் போய்ச் சேர்ந்துட்டது. காகிதம்னா எங்கிட்டயும் உங்ககிட்டயும் மட்டும் இருக்கும். நம்ம கேன்டீனுக்கு நாசி லெமாக் சோறு கொண்டு வர்ற ஹாஜா மைதீன் பாய்கிட்ட குடுத்து விடுறேன். பதிலையும் அவர் கடையிலேயே குடுத்துடுங்க.

அக்கா இருந்திருந்தா அன்னைக்கே உங்க வாயைப் பொத்தியிருப்பா.

புனிதா

*

ரிங்லெட்
2 ஜூலை 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

உன் கடிதமும் தாளும் கிடைத்தன. தாளை மேசையில் வைத்துப் பேனாவின் மூடியையும் கழற்றினேன். நான் ஏதோ துணிந்து மறுக்கிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பணியில் இருந்தவரை எந்தத் தலைமையாசிரியர் நீட்டிய தாளையும் நான் மறுத்ததில்லை. உன் அக்கா அதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை.

ஆனால் எதைத் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன் என எனக்கே தெளிவாக வேண்டியிருந்தது. ஆகவே சனிக்கிழமை நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மலையடிவாரத்துத் தாப்பாவில் அலங்கார மீன் வளர்க்கும் ஒருவரிடம், அன்று முட்டையிலிருந்து வெளிவந்த தங்கமீன் குஞ்சுகளை வாங்கி வந்திருந்தேன். ஒரு குஞ்சு ஓர் அரிசி நீளம்கூட இல்லை. வெறும் கண்ணுக்கு நீரில் ஒரு கீறல் போலத் தெரியும். அதைக் குழிக் கண்ணாடியில் ஒரு சொட்டு நீரில் விட்டு, நகராமலிருக்கப் பஞ்சு இழை ஒன்றை ஓரத்தில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். உடல் முழுவதும் ஊடுருவித் தெரியும். இதயம் துடிப்பதையும் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதையும் பிள்ளைகள் பார்த்தார்கள். கண்ணுக்குப் பின்னால் தொண்டைப் பக்கம் வளைவு வளைவாகச் சில மடிப்புகள் உண்டு. அவை செவுள்களாகும் என்றேன். தாயின் வயிற்றில் நாம் மிகச் சிறியதாக இருக்கும்போது நமக்கும் அங்கே மடிப்புகள் தோன்றும், நமக்கு அவை செவுளாவதில்லை, தாடையாகவும் காதுக்குள் இருக்கும் சின்ன எலும்புகளாகவும் குரல்வளையாகவும் ஆகும் என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். யுவனேஸ்வரி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்டாள்: "அப்ப மீனு நமக்குச் சொந்தமா சார்?"

பாடத்தில் இல்லை என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும், "ரொம்பத் தூரத்துச் சொந்தம். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி அதுக்கும் நமக்கும் ஒரே முன்னோர்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மனிதன் மீனிலிருந்து வந்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது பொய்யாகாது என்பதுதான் என் சங்கடம்.

"அவசரப்பட்டுவிட்டேன்" என்று எழுது, இன்றே கையெழுத்திடுகிறேன். "அறிவியல் அப்படிச் சொல்லவில்லை" என்ற வரியில் கை நிற்கிறது. அறிவியல் அப்படித்தானே சொல்கிறது?

ஒரு யோசனை, சரியா என்று தெரியவில்லை. பெற்றோரை அழைத்துக் குஞ்சுகளைக் காட்டினால் என்ன? இப்போது அவற்றின் வால் நேராக இருக்கிறது. வளர வளர முதுகுத்தண்டின் நுனி மேல்நோக்கி நிமிரும், அதன் அடியில் வால்துடுப்பு விரியும். மிகப் பழைய காலத்து மீன்கள் பல, பெரிதாக வளர்ந்த பின்னும் அப்படி நிமிர்ந்த வாலோடு இருந்ததைப் பாறைகளில் பதிந்த உருவங்களில் காணலாம். படத்தையும் குஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், பழைய முன்னோரின் சாயல் குஞ்சில் தெரியும். நான் பேசுவதைவிட அவர்கள் கண்ணால் பார்ப்பது நல்லது. தாப்பாக்காரர் தந்த அட்டவணைப்படி பத்து நாளில் வால் நிமிர்ந்துவிடும்.

உன் அத்தான்,
அமிர்தலிங்கம்

*

தோட்டப் பள்ளி
4 ஜூலை 2025

அத்தான்,

"அறிவியல் அப்படித்தானே சொல்கிறது"ன்னு எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? நான் இல்லைன்னு சொன்னேனா? நானும் படிச்சுட்டுத்தான் இந்தத் தலைமையாசிரியை நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குணாளனுக்கு யாரு சொல்றது?

நேத்தும் இன்னைக்கும் அவரு பிள்ளைங்க மூணும் வரல. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுல யாரோ ஒரு குரங்குப் படம் போட்டு, "அமிர்தலிங்கம் சாரோட பெரியப்பா"ன்னு எழுதியிருக்காங்க. அடியில சிரிச்சவங்க யாரு யாருன்னு பார்த்துட்டேன். பாதிப் பேரு தீபாவளிக்கு உங்க வீட்டுல முறுக்கு சாப்பிட்டவங்க.

சரி, வாங்க. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். எல்லாருக்கும் சொல்லி அனுப்பிட்டேன். "நீங்களே வந்து கண்ணால பாருங்க, வால் நிமிர்ந்திருக்கும், அதுக்கப்புறம் பேசுங்க"ன்னு குணாளன்கிட்ட நேராவே சொல்லிட்டேன். அவரும் வர்றேன்னுட்டாரு.

அன்னைக்கு "ஒருவேளை", "என்று நினைக்கிறேன்" இதெல்லாம் வேணாம் அத்தான். கேட்டதுக்குச் சட்டுனு பதில் சொல்லுங்க. நீங்க இழுத்தா பொய் சொல்ற மாதிரி இருக்கும்.

புனிதா

*

ரிங்லெட்
8 ஜூலை 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

கூட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைக்க முடியுமா?

பத்து நாள் கடந்துவிட்டது. வால் இன்னும் நேராகவே இருக்கிறது. காலை, மதியம், மாலை என்று வெவ்வேறு குஞ்சுகளை எடுத்துப் பார்க்கிறேன். எல்லாம் உயிரோடு இருக்கின்றன, இரை எடுக்கின்றன, கண் நன்றாக அசைகிறது. வால் மட்டும் நிமிரவில்லை. தொட்டியில் நெருக்கடியோ என்று இரண்டாகப் பிரித்தேன். இரை போதவில்லையோ என்று அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன், நீர் கலங்கியதுதான் மிச்சம். நீரின் வெப்பநிலையைத் தவறாமல் அளந்து எழுதி வருகிறேன். பதினெட்டு டிகிரியிலேயே நிற்கிறது, ஏற்ற இறக்கம் இல்லை. ஆகவே அதில் குறை இருக்க முடியாது.

நான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேன். அது என்னவென்று தெரியாமல் குணாளன் முன்னால் வந்து நிற்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னிடம் ஒளிப்பதில் பயனில்லை.

அமிர்தலிங்கம்

*

தோட்டப் பள்ளி
9 ஜூலை 2025

அத்தான்,

தள்ள முடியாது. தள்ளினா ஓடிட்டாருன்னு சொல்வாங்க.

தாப்பாக்காரர்கிட்ட கொஞ்சம் பெரிய குஞ்சு இருக்கும்ல? வால் நிமிர்ந்தது? நாளைக்கு பஸ் ஏறிப் போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அதைக் கண்ணாடியில வைங்க. இது அது இல்லைன்னு யாருக்குத் தெரியப்போகுது? நிமிரும்னு சொன்னீங்க, தாப்பாவுல நிமிர்ந்திருக்கு, அவ்வளவுதானே. இது ஒண்ணும் பொய் இல்ல.

யோசிச்சுக்கிட்டே உட்காராதீங்க. போங்க.

புனிதா

*

தோட்டப் பள்ளி
13 ஜூலை 2025

அத்தான்,

மைக்ராஸ்கோப்பை மேசைமேலேயே விட்டுட்டுப் போயிட்டீங்க. எடுத்து ஆபீஸ் அலமாரியில பூட்டி வெச்சிருக்கேன்.

தாப்பாவுக்குப் போகலைன்னு நீங்க அந்தத் தொட்டியைத் தூக்கிட்டு வந்தப்பவே உங்க முகத்துல தெரிஞ்சுட்டது. போயிருந்தா நேத்து அந்த அவமானம் உண்டா? குணாளன் ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்துட்டு, "எங்க சார் நிமிர்ந்திருக்கு? என் லோரி ஆயில் குச்சி கணக்கா நேராக் கிடக்கு"ன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க? "ஆமாம், நிமிரவில்லை. என் கணக்கு தவறு." ஒரு இழுப்பு இல்ல, ஒரு "ஒருவேளை" இல்ல! தாள்ல எழுதச் சொன்னா வராத வார்த்தை, அறுபது பேரு முன்னால எப்படி வந்தது?

அவரு விடுவாரா? "பத்து நாள் கணக்கே தப்பாப் போன ஆளு கோடி வருஷக் கணக்கு சொல்றாராம் லா!" மண்டபமே சிரிச்சது. நீங்க தொட்டியைத் தூக்கிக்கிட்டு, திரும்பிப் பார்க்காம வெளிய போயிட்டீங்க.

அத்தான், இங்க தோசை மாவு புளிக்க ரெண்டு ராத்திரி ஆவுது. துணி காய மூணு நாள். தாப்பாவுல வெய்யில் கொளுத்துது. அந்த ஊர் அட்டவணையை இந்த மலைக்கு எடுத்துட்டு வந்தா மீன் என்ன பண்ணும்? ராத்திரி தோசை ஊத்தும்போது எனக்கு இது தோணிச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

நீங்க போனதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. பொம்பளைங்க கலைஞ்சு போகல. ஒவ்வொருத்தரா வந்து, மைக்ராஸ்கோப்புல நீங்க விட்டுட்டுப் போன குஞ்சோட இதயம் துடிக்கிறதைப் பார்த்தாங்க. கடைசியா சீதா வந்தா, குணாளனோட சம்சாரம். பார்த்துட்டு என்னை ஓரமா கூப்பிட்டா.

குணாளனோட அப்பா போன மாசம் தவறினாரு. கருமாதி எப்ப தெரியுமா? உங்க வகுப்புக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. ஆத்துல பிண்டம் கரைக்கும்போது மீனெல்லாம் கூட்டமா வந்து தின்னிருக்கு. யுவனேஸ்வரி சத்தமா, "அப்பா, இதெல்லாம் நம்ம சொந்தக்காரங்க. அமிர்தலிங்கம் சார் சொன்னாரு"ன்னு சொல்லியிருக்கு. பிள்ளை ஆசையாத்தான் சொல்லியிருக்கு. குணாளனோட சித்தப்பா ஒருத்தரு, "அப்ப சாயங்காலம் படையலுக்கு எந்தச் சொந்தக்காரனைக் குழம்பு வைக்கிறது?"ன்னு கேட்டிருக்காரு. கரையில நின்ன எல்லாரும் சிரிச்சுட்டாங்க. குணாளன் மொட்டைத் தலையோட, ஈர வேட்டியோட தண்ணியில நின்னுக்கிட்டு இருந்திருக்காரு. "அவங்கப்பா கருமாதியில சிரிப்பு வந்துட்டதே, அதுதான் டீச்சர் அவருக்கு"ன்னு சீதா சொன்னா.

இருபத்து மூணாம் தேதி பிள்ளைங்களோட பள்ளி மாற்றல் விண்ணப்பப் பாரம் வாங்க வர்றேன்னிருக்காரு. இப்பவாவது அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அப்பாவை இழந்த மனுஷனுக்காகவாவது.

புனிதா

*

ரிங்லெட்
21 ஜூலை 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நீ சொன்ன வெப்பநிலைதான் காரணம். தாப்பாவில் நீர் இருபத்தெட்டு டிகிரி, இங்கே பதினெட்டு. குளிரில் குஞ்சு மெதுவாக வளரும் என்பது எனக்குத் தெரியாததா? அதைத் தேர்வில் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன். ஒழுங்காக அளந்தேன், ஒழுங்காக எழுதினேன், எழுதியதை அட்டவணையின் பக்கத்தில் ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை. ஏற்ற இறக்கம் இல்லை என்று உனக்குப் பெருமையாக வேறு எழுதினேன்.

கையெழுத்திட்ட தாள் இதோடு இல்லை. தேடாதே. அதற்குப் பதிலாகக் குணாளனுக்குச் சொல்ல வேண்டியதைக் கீழே எழுதுகிறேன். அவர் வரும்போது இதைப் படித்துக் காட்டு. நானே வந்து சொல்வதுதான் முறை, ஆனால் அவர் முன்னால் எனக்குப் பேச்சு வராது, பாதியில் நின்றுவிடும். அதைவிட இது மேல்.

"குணாளன் அவர்களுக்கு. உங்கள் மகள் இரண்டு சனிக்கிழமைகள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது சனிக்கிழமை வந்தாள். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. தாத்தாவை இழந்த பிள்ளை 'மீன் நமக்குச் சொந்தமா' என்று கேட்டபோது, அவள் மனத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. கேள்விக்கு விடை சொல்ல மட்டும் தெரிந்தது. அந்த விடையோடு அவளை உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு அனுப்பிவிட்டேன். உங்கள் தந்தையின் கருமாதியில் பிறர் சிரிக்க நான் காரணமானேன். அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதில் 'ஆனால்' எதுவும் இல்லை.

"பத்து நாள் கணக்குத் தவறியவன் கோடி வருடக் கணக்கை எப்படிச் சொல்லலாம் என்று கேட்டீர்கள். அது நியாயமான கேள்வி. ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடாத கேள்வியும் அதுதான். பத்து நாள் என்பது நான் ஒருவன், ஓர் அட்டவணையை நம்பி, சரிபார்க்காமல் சொன்னது. அந்தக் கோடி வருடக் கணக்கு அப்படி வந்ததில்லை. ஒருவரையொருவர் நம்பாத பலர், பாறையிலும் எலும்பிலும் தனித்தனியாக அளந்து, ஒருவர் தவறை இன்னொருவர் கண்டுபிடித்துத் திருத்தி வந்த கணக்கு அது. என் தவறையும் நீங்கள் எல்லார் முன்னாலும் அப்படித்தான் கண்டுபிடித்தீர்கள். குஞ்சைப் பார்த்தீர்கள், வால் நேராக இருந்தது, இருந்ததைச் சொன்னீர்கள்.

"நான் சொன்னது தவறு என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். எழுதினால் உங்கள் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் இருப்பார்கள் என்றும் சொல்கிறார்கள். அவர்கள் இருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். நான் போய்விட்டால் போதுமென்றால் போய்விடுகிறேன். ஆனால் யுவனேஸ்வரி என்னிடம் கேட்டதற்கு நான் சொன்ன விடை பொய் இல்லை. அதைப் பொய் என்று எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது."

இவ்வளவுதான் புனிதா. உன் பள்ளிக்கூடத்துக்கு இது உதவாது என்று தெரியும். உன் நாற்காலிக்கும் இதனால் ஆபத்து வரலாம். எழுதி முடித்த பிறகும் நான் செய்வது சரியா என்று தெரியவில்லை.

இன்று காலை ஒரு குஞ்சுக்கு வால் நிமிரத் தொடங்கியிருந்தது. நுனி மட்டும், மிக இலேசாக. யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பு உன்னிடம் இருக்கிறது, ஆகவே கைக்கண்ணாடியால்தான் பார்த்தேன். பக்கத்துக் கடையிலிருந்து ஹாஜா மைதீனைக் கூப்பிட்டேன். "கல்லுல ரொட்டி கெடக்கு சார், அப்பறம் வர்றேன்" என்றார். அதற்குள் அது மற்ற குஞ்சுகளோடு கலந்துவிட்டது.

அமிர்தலிங்கம்

*

தோட்டப் பள்ளி
23 ஜூலை 2025

அத்தான்,

கடிதத்தைப் படிச்சதும் எனக்கு வந்த கோபத்துல கிழிச்சுப் போட்டிருப்பேன். நீங்க போயிடுறேன்னு எழுதினீங்களே, போய் எங்க இருப்பீங்க, ரிங்லெட்ல அந்தத் தொட்டியைப் பார்த்துக்கிட்டா?

குணாளன் பத்து மணிக்கு வந்தாரு. பாரத்தைக் குடுத்தேன். நின்னுக்கிட்டே மூணையும் நிரப்பினாரு. அதுக்கப்புறம் உங்க கடிதத்தைப் படிச்சேன். மன்னிப்புக் கேட்ட இடம் வந்ததும், "நிறுத்துங்க டீச்சர்"ன்னாரு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுட்டாரு. திரும்பாமலேயே, "ம், படிங்க"ன்னாரு.

முடிச்சதும் சிரிச்சாரு. நல்ல சிரிப்பா இல்லையான்னு எனக்குத் தெரியல. "கடைசி வரைக்கும் தப்புன்னு சொல்லல பாருங்க. பயந்தாங்கொள்ளின்னாங்க. சரியான பிடிவாதக்காரக் கிழவன் லா"ன்னாரு.

"அப்ப பாரம்?"ன்னு கேட்டேன்.

மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. "சனிக்கிழமை அவரை வரச் சொல்லுங்க. நானும் வர்றேன். பின்னால உட்கார்ந்து கேக்குறேன். எம்புள்ள அதே கேள்வியக் கேக்கும், அது அப்படித்தான், விடாது. அவரு என்ன சொல்றாருன்னு பாக்கணும். எங்கப்பாவ வெச்சு ஒரு பய சிரிச்சான்னா மூணு பேரையும் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

அத்தான், பாரம் மூணும் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, அவரு பையில இருக்கு. இதுக்கு நீங்க வர்றீங்களா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன். உங்களால முடியலைன்னா உடம்பு சரியில்லைன்னு நானே சொல்லிக்கிறேன். அப்ப அவரு என்ன செய்வாருன்னு எனக்குத் தெரியாது.

புனிதா

*

ரிங்லெட்
24 ஜூலை 2025

அன்புள்ள புனிதாவுக்கு,

வருகிறேன்.

நேற்று உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன், அப்படியேதான் வருவேன். அவள் கேட்டால், ஏன் கேட்கிறாய் அம்மா என்று முதலில் கேட்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பேன். பிறகு அன்று சொன்ன அதே விடையைச் சொல்வேன். பேச்சு பாதியில் நின்றால் மறுபடி தொடங்குவேன். யாராவது சிரித்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு என்னிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். குணாளனைப் பின்னால் உட்கார வைக்காதே. மைக்ராஸ்கோப்பின் பக்கத்தில் ஒரு நாற்காலி போடு. பிள்ளைகளுக்கு முன்னால் அவர் பார்க்கட்டும். என்ன தெரிகிறதென்று பிள்ளைகளுக்கு அவரே சொல்லட்டும். அதன் பிறகு நான் பேசுகிறேன். வால் நிமிர்ந்திருக்கும் என்று இந்த முறை யாருக்கும் சொல்லி வைக்காதே.

அமிர்தலிங்கம்